கார்லைல் 1912: ஒரு சீசனும் ஒரு மனுவும்

1912 நவம்பர் 9, நியூயார்க் மாநிலம், வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி மைதானம். கார்லைல் 27, ராணுவம் 6. ஸ்கோரை மட்டும் பார்த்தா சாதாரண மேட்ச்தான். யாரும் யாரும் ஆடினாங்கன்னு தேடிப் படிச்சப்போதான் தூக்கிவாரிப் போட்டது.

(இது அமெரிக்க ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, கையில தூக்கிக்கிட்டு ஓடணும். நம்ம ஊர் கால்பந்து இல்லை.)

கல்லூரி அணிகளோடு மோதினாலும், கார்லைல் உண்மையில் கல்லூரியே இல்லை. பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879ல் தொடங்கிய செவ்விந்தியர் உறைவிடப் பள்ளி. பிள்ளைகளை வெள்ளைக்காரர்களாக மாற்றுவதுதான் நோக்கம். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் தண்டனை. பள்ளிக்கென்றே ஒரு இடுகாடும் இருந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள்.

வூண்டட் நீ படுகொலை நடந்து அப்போது 22 வருஷம்கூட முடியவில்லை. அதைச் செய்த ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள்தான் எதிரணி. அதில் ஒருத்தர் டுவைட் ஐசன்ஹோவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர்.

கார்லைலின் நட்சத்திரம் ஜிம் தோர்ப். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கி வந்திருந்தார். அந்த மேட்ச்ல அவர் கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடிப் போட்ட ஒரு டச்டவுன், சக வீரரின் ஃபவுலால் செல்லாமல் போனது. எல்லாரும் தோர்ப்பைத்தான் பேசுறாங்க, ஆனா அன்னிக்கு மூணு டச்டவுன் போட்டவர் அலெக்ஸ் ஆர்காசா! ஆட்டத்தை நடத்தியது குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். சீசன் முடிவில் 14 ஆட்டம், 12 வெற்றி, ஒரு டிரா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் ஒரே ஒரு தோல்வி.

1913 ஜனவரியில் தோர்ப் முன்பு காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடிய விஷயம் வெளிவந்து, பதக்கங்கள் பறிபோயின. கோச் பாப் வார்னர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். எனக்கு இதை நம்ப முடியவில்லை. அவரிடமே வளர்ந்த பையன், இரண்டு கோடைக்காலம் எங்கே போயிருந்தான் என்று கோச்சுக்குத் தெரியாதாம்!

வீரர்களும் நம்பவில்லை போல. பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கச் சொல்லி 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அதே கஸ் வெல்ச். 1914ல் அமெரிக்க காங்கிரஸ் குழு நேரில் வந்து விசாரித்தது. ஃபுட்பால் வருமானம் எங்கே போனது, மாணவர்களை வார்னர் எப்படி நடத்தினார், எல்லாம் சாட்சியமாகப் பதிவானது. வெல்ச்சும் சாட்சி சொன்னார்.

வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு கோச்சாகப் போனார், அங்கேயும் ஜெயித்தார். கார்லைல் பள்ளி 1918ல் மூடப்பட்டு, இடம் திரும்ப ராணுவத்துக்கே போனது. இன்றைக்கு அங்கே ராணுவப் போர்க் கல்லூரி நடக்கிறது. தோர்ப்தான் அந்த இரண்டு போட்டிகளின் ஒரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி பதிவேட்டைத் திருத்தியது 2022ல்.