900 ஆண்டு நூலும் 16 ஆண்டு வட்டும்



எங்கள் பள்ளியின் பொருளறையில் பழைய கணினி ஒன்று கிடந்தது. 2003ஆம் ஆண்டில், நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில், என் மாணவர்கள் தோட்டத்து முதியவர்களைக் கண்டு கேட்டு எழுதிய செய்திகளை அதில்தான் தட்டச்சு செய்து வைத்தோம். அன்று பேசிய முதியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அண்மையில் அக்கணினியை இயக்கிப் பார்த்தேன். உள்ளே காற்றாடி சுழன்றது. திரையோ கறுப்பாகவே நின்றது. “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், டீச்சர்” என்றார் பணியாளர். எனக்கோ பிரிட்டன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது.

அரசர் எடுத்த கணக்கு

1066இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் அரசர், இருபது ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டைக் கணக்கெடுக்கச் செய்தார். எந்த நிலம் யாருக்குரியது, அதில் எத்தனை ஏர்கள், எத்தனை ஆலைகள் உள்ளன என்றெல்லாம் 1086இல் திரட்டிய செய்திகள் இலத்தீன் மொழியில் தோல் ஏடுகளில் எழுதப்பட்டன. அதுவே ‘டூம்ஸ்டே நூல்’. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது. இலத்தீன் அறிந்த அறிஞர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள்.

பிள்ளைகள் எடுத்த கணக்கு

அந்நூலின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் புதியதொரு ‘டூம்ஸ்டே’ தொகுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பல்லாயிரம் பள்ளிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் தத்தம் கட்டத்தின் கடைகள், தொழில்கள், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றை எழுதியும் படமெடுத்தும் அனுப்பினர். பங்கேற்றோர் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இவையனைத்தும் இரண்டு பெரிய இலேசர் வட்டுகளில் பதியப்பட்டன. அவற்றைப் பார்க்க ஏக்கார்ன் நிறுவனத்தின் ‘பிபிசி மாஸ்டர்’ கணினியும், பிலிப்ஸ் நிறுவனம் தனியே செய்த வட்டு இயக்கியும் வேண்டும். அத்தொகுதியின் விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு! செய்தி திரட்டித் தந்த பள்ளிகளுள் பலவற்றால் அதனை வாங்க இயலவில்லை.

அவ்வகைக் கணினிகள் விரைவில் வழக்கொழிந்தன. 2002ஆம் ஆண்டளவில், வட்டுகள் நன்றாக இருந்தும் அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. 900 ஆண்டு நூலைப் படிக்க முடிகிறது. 16 ஆண்டு வட்டைப் படிப்பதோ அரிதாயிற்று.

மீட்ட முறை

பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து மீட்புப் பணியில் இறங்கின. இயங்கும் நிலையிலிருந்த பழைய தொகுதி ஒன்றைப் புதிய கணினியோடு இணைத்து, வட்டிலிருந்த தரவுகளைப் படியெடுத்தனர். படங்கள் தொலைக்காட்சிக் காட்சியைப் போலப் பதியப்பட்டிருந்தமையால் அவற்றைத் தனியே எண்முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பின்னர், புதிய கணினியைப் பழைய கணினிபோல் நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளை உருவாக்கி, 2002 இறுதியில் இயக்கிக் காட்டினர்.

2011இல் பிபிசி அத்தொகுப்பின் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றியது. அந்தத் தளமும் 2018இல் மூடப்பட்டது. அதன் பதிவு இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆம், 1086இன் தோல் ஏடுகளைக் காத்துவரும் அதே காப்பகம்தான்!

எங்கள் கணினி

கணினி இயங்கவில்லை என்பதற்காக அதிலுள்ளவை அழிந்துவிட்டன என்று பொருளில்லை. கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் வன்தட்டை மட்டும் கழற்றி, இணைப்பு வடம் ஒன்றின் வழியாக வேறு கணினியில் பொருத்தினார். முதலில் முழுவதையும் படியெடுத்தார்; பிறகு அந்தப் படியைத்தான் திறந்தார். கோப்புகள் இருந்தன. ஆனால், திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன!

காரணம், அவை ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு நாம் பயன்படுத்திய திஸ்கி குறியாக்கத்தில் இருந்தவை. ‘கெ’ என்று எழுதினால் திஸ்கியில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். கொம்பு பின்னால் வரும். இந்த வரிசையையும் சேர்த்து மாற்றித் தரும் மென்பொருளைக் கொண்டு எழுத்துகளை மீட்டோம். நெகிழ்வட்டுகளில் வைத்திருந்த நிழற்படங்கள் மட்டும் கிடைக்கவேயில்லை. அவற்றுக்கு வேறு படி எடுத்து வைக்காதது என் தவறு.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியிலும் இத்தகைய கணினி இருக்கலாம். இன்னும் இயங்கினால் இன்றே படியெடுங்கள். இயங்காவிட்டால், வன்தட்டைக் கழற்றாமல் எறிந்துவிடாதீர்கள். முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

மீட்ட கோப்புகளில், ஒரு மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு எழுதிய இரண்டு பக்கங்கள் இருந்தன. பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மாணவன் இன்று எங்கள் பள்ளியிலேயே முதலாம் ஆண்டு பயிலும் ஒரு சிறுமியின் தந்தை. அப்பக்கங்களை அச்சிட்டு அச்சிறுமியிடம் கொடுத்தனுப்பினேன்.