அலெக்சாந்தரின் வாரிசும் தளபதிகளும்

கி. மு. 323 ஆம் ஆண்டு பபிலோன் நகரில் மகா அலெக்சாந்தர் உயிர்நீத்தபோது, அரசாளத்தக்க வாரிசு எவனும் இருந்திலன். அறிவாற்றல் குன்றிய சகோதரன் அரிதேயசும், தந்தை இறந்தபின் பிறந்த மைந்தனும் பெயரளவில் மன்னராயினர். அதிகாரமோ தளபதிகள் கைப்பட்டது. பேரரசைக் கட்டிக்காக்க முயன்ற பேர்டிக்காஸ், எகிப்தின்மீது படையெடுத்து, நைல் நதியைக் கடக்கமாட்டாது தன் அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டான். கி. மு. 317 இல் அரிதேயசும் கொலையுண்டான்.

கி. மு. 311 இல் அன்ரிகோனஸ், தொலமி, லிசிமாக்கஸ், கசாந்தர் ஆகியோர் உடன்படிக்கை செய்தனர். இளமன்னன் பராயமடையும்வரை கசாந்தரே ஐரோப்பாவின் தளபதியாயிருப்பான் என அது விதித்தது. பாலகனைக் காப்பதுபோல் தோன்றிய அவ்விதியே அவனுக்கு யமனாயிற்று. அவன் பராயமடைதல் கசாந்தர் பதவியிழத்தலாகுமன்றோ? சில ஆண்டுகளுள் சிறுவனும் தாய் உரொக்சானாவும் இரகசியமாகக் கொல்லப்பட்டனர்.

அதன்பின் மறைப்புக்கு இடமில்லை. கி. மு. 306 இல் அன்ரிகோனஸ் அரசனெனப் பட்டஞ் சூட, ஏனையோரும் அவ்வாறே செய்தனர். கி. மு. 301 இல் இப்சஸ் போர்க்களத்தில், சந்திரகுப்த மௌரியனிடம் செலூக்கஸ் பெற்ற யானைகள் எதிரியின் குதிரைப்படையைத் தடுத்துநிற்க, அன்ரிகோனஸ் வீழ்ந்தான், பேரரசும் கூறுபட்டது.

உலகை வென்ற வாள், உரிமையுள்ள ஒரு குழந்தையைக் காக்கவில்லை. முறையான அரசுரிமை ஒழுங்கின்றி வெற்றியாற் கட்டிய பேரரசின் குறை இதுவேயாகும்.