வடலூரில் மூட்டிய அடுப்பு

அன்னதானம் தமிழ்நாட்டுக்குப் புதிய தர்மமன்று. மணிமேகலையின் அமுதசுரபி முதல் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகக் கட்டுவித்த சத்திரங்கள் வரையில், பசித்தவனுக்குச் சோறிடுவதைப் புண்ணியங்களுள் தலையாயதாகவே நம் முன்னோர் போற்றி வந்தனர். ஆயினும் அச்சத்திரங்கள் பலவற்றில் பந்திதோறும் ஜாதி பார்க்கப்பட்டது. கொடுத்தவர் கீர்த்தியும் கல்லில் பொறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் விலக்கி, ஏழையின் பசி தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்று கொண்ட தர்மசாலை ஒன்று, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், தென்னார்க்காட்டு வடலூரில் தொடங்கிற்று.

அதனை நிறுவிய இராமலிங்க அடிகள், 1823இல் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்து, பின்னர் வடலூரை அடுத்த கருங்குழியில் ஓர் அன்பர் வீட்டில் பல்லாண்டு தங்கியிருந்தவர். காஷாயம் தரியாமல், வெள்ளை வேட்டியும் தலையை மூடிய வெள்ளைத் துணியுமே உடையாகக் கொண்டு, கைகளைக் கட்டி ஒடுங்கி நின்ற அவரிடம் நிலபுலம் ஏது? வடலூர்ப் பகுதியிலுள்ள பார்வதிபுரத்துக் கிராமத்தார் மனமுவந்து ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்ததனால்தான் சாலைக்கு இடம் கிடைத்தது.

அங்கே 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஆழமுமாக அமைந்த கோட்டை அடுப்பில் அன்று அடிகள் மூட்டிய நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. அந்தத் தீயில் வெந்த சோற்றுக்கு, உண்ண வந்தவனின் தேசமோ, சமயமோ, ஜாதியோ, நடத்தையோ விசாரிக்கப்படலாகாது என்பது அவர் விதி. புலால் மறுத்தலைத் தம் சன்மார்க்க நெறியில் வற்புறுத்திய அவர், புலால் உண்பவனேயாயினும் பசித்து வந்தால் அவன் பசியை ஆற்றியே தீரவேண்டும் என்றார். கொள்கையில் இத்துணை உறுதியுடைய ஒருவர் அதனைச் சோற்றுக்கு நிபந்தனையாக்காமல் விட்டதே, என் மனத்துக்கு, அவருடைய கருணையின் மெய்யான அளவு.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் அவருடைய வசன நூலில், பசி முதிர்ந்தால் அறிவு மயங்குவதையும், கண் குழிந்து பஞ்சடைவதையும், காது கும்மென்று செவிடுபடுவதையும், கைகால் சோர்வதையும் அங்கம் அங்கமாக, நோயாளியின் அருகிலிருந்த வைத்தியனைப்போல் விவரிக்கின்றார். வாய்விட்டுக் கேட்க மானம் தடுக்க, பட்டினியோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஏழைகளுக்காக அவர் உருகுமிடத்தை ஒருமுறை படித்தவர், எளியவர் குடியிருக்கும் தெருவை அலட்சியமாகக் கடந்து செல்லமாட்டார்.

அவருடைய பணிவு உடையோடு நின்றுவிடவில்லை. தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரமென்றும், அது தமக்குச் சம்மதமன்றென்றும் அன்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையொப்பமிட்டார். அவர் வழிபாட்டுக்கென அமைத்த சத்திய ஞானசபை 1872 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. சபைக்கு நாலரை ஆண்டு முன்பே சமையற்கட்டு எழுந்துவிட்டது. இந்த முறைவைப்பைத் தற்செயலென்று நான் கருதவில்லை.

1874இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்து அறையொன்றினுள் சென்று தாளிட்டுக்கொண்ட பிறகு அவரை எவரும் கண்டாரில்லை. சில ஆண்டுகளுள் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடிற்று, அடுப்போ அணையவில்லை. தைப்பூசத்தில் சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சாலையில் சேர்க்கின்றனர். சேர்த்தபின், வந்தவர்களோடு வந்தவர்களாகப் பந்தியில் அமர்ந்து தாமும் உண்கின்றனர்.