கொலிஸ்டின் எதிர்ப்பு, கோழிகளில்

கொலிஸ்டின் மருந்துக்கு மடியாத பாக்டீரியாக்கள் நோயற்ற பண்ணைக் கோழிகளின் குடலில் வாழும் நிலை. எ.கோலை, கிளெப்சியெல்லா முதலியவற்றில் காணப்படுகிறது. கோழி நலமாகவே இருப்பதால் பரிசோதனையின்றி இதை அறிய முடியாது.

பிற மருந்துகள் தோற்ற நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது கொலிஸ்டின். அத்தகைய மருந்தைக் கோழி எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிய அளவில் தொடர்ந்து கலந்தது பெரும் பிழை. எதிர்ப்புள்ள கிருமிகளே அதில் பிழைத்துப் பெருகின. எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியாக வேறு பாக்டீரியாக்களுக்கும் தாவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர்.

பச்சை இறைச்சியைக் கையாளுதல், கோழி எரு, பண்ணை வேலை ஆகியவற்றின் வழியே மனிதருக்குப் பரவலாம். நன்கு வேகவைத்தால் பாக்டீரியா இறக்கும். உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பையும் விற்பனையையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. நாமக்கல் உள்ளிட்ட பண்ணைப் பகுதிகளுக்கும் இத்தடை பொருந்தும்.