குறிஞ்சித் தேன்

குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார், கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூவினின்று பெருந்தேன் விளையும் நாட்டைத் தலைவனுக்கு உரியதாக்கினார். மலையில் பூக்கள் பலவிருக்க, இவ்வொரு பூவின் தேனைச் சுட்டியது எண்ணத்தக்கது.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது. சித்திரபுரத்தை அடுத்த மூணாற்று மலைகளில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது. சரிவு முழுவதும் ஒருங்கே மலர்வதால், அப்பருவத்துத் தேனில் அம்மலரின் மணமே மேலோங்கும். பிற ஆண்டுகளில் கிடைப்பது பன்மலர்த் தேனே.

தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கு பழச்சர்க்கரை, 31 பங்கு குளுக்கோஸ், 17 பங்கு நீர். எஞ்சியதில் பிற சர்க்கரைகளும், அமிலங்களும், நொதிகளும், தாதுப்பொருள்களும் அடங்கும். மலருக்கு மலர் வேறுபடும் மணப்பொருள்களோ மிகமிகச் சிறிதளவே. எனினும் தேன் பிறந்த மலையை நாவுக்கு உணர்த்துவது அச்சிறிதளவே என்க.

1877இல் பூஞ்சாற்று அரச மரபினரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர்ச் சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைத் தோட்டங்களாயின. குறிஞ்சி வளரும் சரிவுகள் சுருங்கின. அத்தோட்டங்களை உருவாக்கியவை பெரிதும் தமிழகத்தினின்று சென்ற நம்மவர் கைகளே. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தோரைக் குறை கூறல் தகாது. இழந்ததை மறத்தலும் தகாது.

எஞ்சியதைக் காக்க 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பெற்றது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. நம் இளஞ்சிறார் பலருக்கு அதுவே முதற் குறிஞ்சி. அவர்கள் கையில் குறுந்தொகையைக் கொடுத்து, அம்மலையையும் காட்டுவோமாக.