வரி முடிவில் இரண்டு குறியீடுகள்

விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பிழைச் செய்தி வருவதுண்டு. புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை இயக்கும் நிரலான பாஷின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடு ஒட்டியிருக்கிறது. லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, இல்லாத ஒரு நிரலைத் தேடுகிறது. அந்தக் குறியீட்டின் பெயர் கேரேஜ் ரிட்டர்ன், சுருக்கமாக சிஆர். விண்டோஸ் கோப்புகளில் ஒவ்வொரு வரியும் சிஆர், லைன் ஃபீட் எனப்படும் எல்எஃப் ஆகிய இரண்டில் முடிகிறது. லினக்ஸுக்கு எல்எஃப் மட்டுமே போதும்.

இரண்டு குறியீடுகள் எதற்கு என்பதற்கு விடை கணினிக்கும் முந்தையது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயின்றவர்களுக்கு அந்த லீவர் நினைவிருக்கும். அதைத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலேறும். தாளைத் தாங்கும் கேரேஜும் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். ஒரே தள்ளலில் இரண்டு வேலைகள். கம்பி வழியே இயங்கும் தந்தி அச்சுப்பொறியில் அப்படித் தள்ள ஆள் இல்லை. டொனால்ட் மர்ரே 1901-ல் உருவாக்கிய தந்திக் குறியீட்டில் இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இடம்பெற்றன. இப்படிப் பிரித்ததில் லாபமும் இருந்தது. தாளை நகர்த்தாமல் வரித் தொடக்கத்துக்கு மட்டும் திரும்பினால், அடித்த வரியின் மேலேயே மறுபடி அடித்து அடிக்கோடு இடலாம், எழுத்தைத் தடிமனாக்கலாம்.

கணினி எழுத்துகளுக்கு எண் வகுத்து 1963-ல் வெளியான ஆஸ்கி தரம் இந்த இரண்டையும் அப்படியே ஏற்றது: எல்எஃபுக்கு எண் 10, சிஆருக்கு 13. ஆங்கில அகரவரிசையின் 13-ஆம் எழுத்து எம். சில எடிட்டர்களில் வரிக் கடைசியில் ஒரு கூரைக்குறியும் எம் என்ற எழுத்தும் தலைகாட்டுவது இதனால்தான்.

அதே காலத்தில் சந்தைக்கு வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். அதன் அச்சுத் தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு ஓடிவர, ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. சிஆர் அனுப்பிய கையோடு அடுத்த எழுத்தை அனுப்பினால், தலை திரும்பும் வழியில் தாளின் நடுவே எங்கேனும் அது பதிந்துவிடும். முதலில் சிஆர், பிறகு எல்எஃப் என்று அனுப்பினால், தாள் நகரும் நேரத்துக்குள் தலை ஊர் வந்து சேரும். ஆக, இரண்டாவது குறியீடு வீண் அல்ல, இயந்திரத்துக்குக் கொடுத்த அவகாசம். வரிசை மாறாமல் சிஆர் முன்னால் நிற்பதற்கும் இதுவே காரணம்.

கோப்புக்குள் எழுதிவைக்கும்போது இந்த அவகாசம் தேவையில்லை. 1960-களின் மல்டிக்ஸ் இயங்குதளம் கோப்பில் எல்எஃப் மட்டும் வைத்துக்கொண்டது. அச்சடிக்கும் நேரத்தில் அந்தந்தக் கருவிக்கு வேண்டியதைச் சேர்க்கும் பொறுப்பு டிரைவரிடம் போனது. தரவு வேறு, அதைக் காட்டும் இயந்திரம் வேறு என்று பிரித்த இந்த முடிவே சிறந்தது. மல்டிக்ஸில் பணியாற்றிய கென் தாம்ப்சன் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியபோது இந்த வழக்கமும் உடன் வந்தது. யூனிக்ஸ் வழியைப் பின்பற்றும் லினக்ஸின் டெர்மினலில் எல்எஃபுக்கு முன் சிஆரைச் சேர்க்கும் வேலை இன்றும் நடக்கிறது.

கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளம் இரண்டு குறியீடுகளையும் கோப்பிலேயே வைத்தது. அதை ஒட்டி எழுந்த டாஸ் 1981-ல் ஐபிஎம் பிசியோடு பரவியது. விண்டோஸ் அதன் வாரிசு. பழைய மேக்கின்டாஷ் சிஆர் மட்டும் என்று மூன்றாவது வழியில் நடந்தது. யூனிக்ஸ் அடிப்படையிலான மேக் ஓஎஸ் எக்ஸ் 2001-ல் வந்ததும் எல்எஃபுக்கு மாறியது.

இணைய நெறிமுறைகள் டெலிடைப் வழக்கத்தைப் பின்பற்றின. எஸ்எம்டிபி மின்னஞ்சலில் ஒவ்வொரு வரியும் இரண்டு குறியீடுகளில்தான் முடிய வேண்டும். கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் எழுத்து முறை, வழியில் வரிமுடிவை மாற்றும். படத்தையோ ஜிப் கோப்பையோ அந்த முறையில் அனுப்பிக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளை 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய பிறகு கேள்வி புது வடிவம் எடுத்தது. விண்டோஸில் ஒருவர் கோப்பைத் திறந்து ஒரே சொல்லைத் திருத்துகிறார். அவருடைய எடிட்டர் எல்லா வரிமுடிவையும் மாற்றிச் சேமித்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் சக ஊழியருக்கு முழுக் கோப்புமே மாறியதாகத் தெரிகிறது. உண்மையான திருத்தம் அதற்குள் புதைந்துபோகிறது. கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக அமைவது. ஒருவர் மறந்தாலும் சிக்கல் திரும்பும். வரிமுடிவு விதியை எழுதிவைக்கும் கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பு புராஜெக்டோடு சேர்ந்தே பயணிப்பதால் அதுவே நம்பகமானது.

எல்எஃப் மட்டும் உள்ள கோப்பை ஒரே நீள வரியாகக் காட்டிவந்த நோட்பேடு, 2018-ல்தான் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. எடிட்டர்கள் திருந்தினாலும் கோப்புகளில் இரண்டு வழக்கமும் தொடர்கின்றன. விண்டோஸ்காரரும் லினக்ஸ்காரரும் சேர்ந்து வேலை செய்யும் குழு, புராஜெக்டின் முதல் நாளிலேயே அந்த ஆட்ரிபியூட்ஸ் கோப்பை எழுதிவைத்துவிட வேண்டும்.