மனுதாரர்: மனைவி

"எதுக்குப் பிடிச்சாகன்னு ஒரு காயிதம்கூடத் தரல டீச்சர்."

கம்பத்தில் எங்கள் தெருப் பெரியம்மா சொன்னது இது. எண்பது வயதைத் தாண்டியவர். கட்சிக்காரரான கணவரை மிசாவில் கொண்டுபோன இரவைப் பற்றிக் கேட்டபோது முதலில் இதைத்தான் சொன்னார். காகிதம் எங்கேயாவது தொலைந்திருக்கும், அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். சட்டத்தைப் படித்த பிறகுதான் என் நினைப்பு தவறு என்று புரிந்தது. காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை என்று 1975இல் மிசாவைத் திருத்தியிருந்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெரியம்மா சட்டம் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது தமிழ்நாடு ஏழு மாதம் ஓரளவு தப்பித்திருந்தது. திமுக அரசு அதை எதிர்த்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. உடனே கைதுகள் தொடங்கின. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆட்சி மாறியது சென்னையில் என்றாலும் கதவு தட்டப்பட்டது கம்பத்திலும்தான்.

அன்று நீதிமன்றம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் அவரை நேரில் கொண்டுவந்து காரணம் சொல்லச் செய்வது ஆட்கொணர்வு மனு. நெருக்கடி நிலையிலும் அதை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அந்த ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபோது பெரியம்மாதான் நாற்றுவிட்டார். கம்மலை அடகு வைத்து ஆள்கூலி கொடுத்தார். மனுப் போட யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "மெட்ராசு போவணும்னாக. பிள்ளைகள யாருகிட்ட விட?" மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது 2004இல்தான்.

மிசா காலத்தை நாம் ஆண்களின் வழியாகவே அறிந்திருக்கிறோம். சென்னைச் சிறையில் தாக்கப்பட்டு 1977 ஜனவரியில் இறந்த சிட்டிபாபுவின் சிறைக் குறிப்புகள் உள்ளன. அதே மாதம், பெங்களூர்ச் சிறையில் ஆஸ்துமாவோடு வாடி, வெளியே வந்த சில நாட்களில் இறந்த நடிகை சினேகலதா ரெட்டியை நம் வகுப்பறைகள் அறியவில்லை. வெளியே வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட பெண்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

நெருக்கடி நிலை முடிந்தது. 1978இல் மிசா நீக்கப்பட்டது. எந்த நெருக்கடியிலும் உயிர், சுதந்திரம் குறித்த 21ஆவது பிரிவை முடக்க முடியாது என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஜபல்பூர்த் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017இல் தவறென்று ஒதுக்கியது.

ஆனால் விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் போகவில்லை. 1982இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வந்தது. ஒருவரை ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். மிசாவில் இருந்தவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களும் சரி, அவர்களை எதிர்த்தவர்களும் சரி, அச்சட்டத்தை நீக்கவில்லை. 2017இல் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி வளர்மதிமீதும் அது பாய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

குண்டர் சட்ட வழக்குகளின் தீர்ப்புகளைப் புரட்டினால் மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் மனைவி, தாய், சகோதரி என்றே திரும்பத் திரும்ப வருகிறது. பல ஆணைகள் விழுவதும் காகிதத்தால்தான்: காரணங்களை அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுத்தார்களா, முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலித்தார்களா என்று நீதிமன்றம் கேட்கிறது. 1962இலேயே, ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் காரணம் கொடுத்ததற்காக ஒரு காவலை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. தமிழ் கற்பிக்கும் எனக்கு, ஒரு மொழிபெயர்ப்பு சிறைக்கதவைத் திறக்கும் என்பது பெரிய பாடம்.

என் மாணவிகளிடம் இதைச் சொல்கிறேன். எந்த ஆட்சியானாலும், வீட்டுக்கு வந்து ஒருவரை அழைத்துப்போனால் முதலில் கேட்கவேண்டியது பெரியம்மாவுக்குக் கிடைக்காத அந்தக் காயிதத்தைத்தான். அதையும் தமிழில் கேளுங்கள்.